நோவும் குரலும்: வீட்டுக்காரர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மனநோய் வந்தவர்களின் வீட்டுக்காரரோடு கதைப்பதுதான் என் வேலையின் பெரும்பகுதி. கிளினிக் வாங்கிலில் காத்திருக்கும்போதும், ஊர்க் கூட்டம் முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போதும் யாழ்ப்பாணத்தில் எங்கு போனாலும் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. அவற்றில் உடம்பு நோவையும் குரல் கேட்பதையும் பற்றியவற்றை மட்டும் இங்கே சேர்த்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்ப்பேச்சிலேயே இருக்கின்றன. நான் உளவளத்துணையாளர், டொக்டர் இல்லை. குளிசையைக் கூட்டுவது குறைப்பது பற்றி இங்கே எதுவும் சொல்லப்போவதில்லை.

குரல் கேக்குது எண்டால் விசர் தானே? வேறை என்ன?

இல்லை. ஆளில்லாத இடத்தில் குரல் கேட்பது, மற்றவருக்குத் தெரியாத உருவம் தெரிவது, யாரோ தனக்குத் தீங்கு செய்யத் திட்டம் போடுகிறார்கள் என்று ஆதாரமே இல்லாமல் உறுதியாக நம்புவது போன்றவற்றை உளவியலில் சைக்கோசிஸ் அனுபவங்கள் என்பார்கள். அனுபவம் வேறு, நோய் வேறு. 2015இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில் 18 நாடுகளில் 31,261 பேரிடம் இதைக் கேட்டார்கள். கனவிலும் அரைத்தூக்கத்திலும் குடிவெறியிலும் வந்ததைக் கழித்துவிட்டுப் பார்த்தும் 5.8 சதவீதமானோர் வாழ்நாளில் ஒரு தடவையாவது இப்படி நடந்ததாகச் சொன்னார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது ஒரேயொரு தடவைதான் வந்திருக்கிறது.

அனுபவம் நிலைத்து நின்று, ஆளின் சாப்பாடு, நித்திரை, வேலை, உறவு எல்லாவற்றையும் குழப்பும்போதுதான் டொக்டர்மார் அதை நோய் என்கிறார்கள். மனச்சிதைவு, அதாவது ஸ்கிசோஃப்ரினியா, அப்படியான நோய்களில் ஒன்று.

காணாமல் போன மகன்ரை குரல் பின்னேரத்திலை கேக்குது. நானும் கிளினிக் போகவேணுமோ?

டெவி ரீஸ் என்ற வேல்ஸ் நாட்டு டொக்டர் துணையை இழந்த 293 பேரைச் சந்தித்துக் கேட்டு 1971இல் எழுதினார். கிட்டத்தட்டப் பாதிப்பேர் இறந்தவர் பக்கத்தில் இருப்பதாக உணர்ந்திருந்தார்கள், சிலர் கண்டிருந்தார்கள், சிலர் குரலைக் கேட்டிருந்தார்கள். பெரும்பாலானோர் அதை அதுவரை ஒருவருக்கும் வாய்திறந்து சொன்னதில்லை. பலருக்கு அது ஆறுதலாகவே இருந்தது.

எங்கள் அம்மாமாருடைய துக்கம் அதைவிடச் சிக்கலானது. பிள்ளை உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாதவர்களுக்கு அந்தியேட்டிகூடச் செய்ய மனம் வராது. அப்படியொரு வீட்டில் வாசல் பக்கம் “அம்மா” என்று கேட்பதை மட்டும் வைத்து நான் யாரையும் கிளினிக்குக்கு அனுப்ப மாட்டேன். குரல் பயமுறுத்தினால், “என்னட்டை வா” என்று கூப்பிட்டால், நித்திரையும் சாப்பாடும் குலைந்தால் கட்டாயம் போகவேண்டும்.

நெருப்புச் சுட்டாலும் நோகேல்லை எண்டுறார். உண்மையிலை அவருக்கு நோகாதோ?

மனச்சிதைவு உள்ள சிலருக்கு நோ குறைவாகத் தெரிகிறது என்பது புதுக்கதை இல்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஜெர்மன் மனநல மருத்துவர் எமில் கிரெப்பலினும் சுவிற்சர்லாந்தின் ஒய்கன் பிளொய்லரும் இதை எழுதிவைத்தார்கள். ஊசி குத்தினாலும் கையை இழுக்காதவர்களையும், தீக்காயத்தைப் பொருட்படுத்தாதவர்களையும் அவர்கள் கண்டிருந்தார்கள்.

பின்னாளில் பல பரிசோதனைகளை ஒன்றுசேர்த்து 2015இல் செய்த பகுப்பாய்விலும் இதே முடிவுதான். மற்றவர்களோடு ஒப்பிட, சராசரியில் இவர்கள் நோவைச் சொல்லத் தொடங்கும் அளவு உயர்ந்திருந்தது. சராசரியில் என்பதைக் கவனியுங்கள். நோவே தெரியாதவர் என்று ஒருவரைக் குறித்துவைப்பதற்கு இதில் இடமில்லை.

ஆய்வுகாரர் உதை எப்பிடி அளக்கிறவை? வருத்தக்காரரைக் குத்திப் பாக்கிறவையோ?

குத்துவதில்லை. முன்கையில் ஒரு சிறிய தகட்டை வைத்து மெல்ல மெல்லச் சூடாக்குவார்கள். அல்லது விரலில் ஒரு கருவியால் படிப்படியாக அழுத்துவார்கள். இன்னொரு முறையில் ஐஸ் போட்ட தண்ணீருக்குள் கையை வைக்கச் சொல்வார்கள். “இப்ப நோகத் தொடங்குது” என்று ஆள் சொல்லும் இடம் ஒரு கணக்கு, “இனி ஏலாது” என்று கையை எடுக்கும் இடம் இன்னொரு கணக்கு. தோல் கருகும் அளவுக்குப் போகமுன் கருவி தானாக நின்றுவிடும். சம்மதம் கொடுத்தவர்கள்தான் இருப்பார்கள், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம்.

இந்த முறையிலேயே ஒரு பலவீனம் இருக்கிறது. இரண்டு கணக்கும் ஆள் வாய்திறந்து சொல்வதிலோ கையை எடுப்பதிலோதான் தங்கியிருக்கின்றன. இரண்டு கேள்வி தள்ளி இதற்கு வருகிறேன்.

மருந்தாலை தானே எல்லாம் மரத்துப்போச்சு?

அப்படி நினைப்பது இயல்பு, ஆனால் காலக்கணக்கு ஒத்துவரவில்லை. குரலையும் பிரமையையும் அடக்கும் குளிசைகளில் முதலாவதான குளோர்புரோமசின் மனநல சிகிச்சைக்கு வந்தது 1952இல். கிரெப்பலின் 1926இலேயே காலமாகிவிட்டார். அவர் கண்டவர்களில் ஒருவர்கூட இந்தக் குளிசைகளைத் தொட்டிருக்க வழியில்லை. மருந்து எடுக்காதவர்களைத் தனியே பிரித்துப் பார்த்த 2008ஆம் ஆண்டின் ஒரு பகுப்பாய்விலும் நோ உணர்வு குறைந்தே காணப்பட்டது.

ஆகவே “குளிசையை நிப்பாட்டினால் நோ தெரியும்” என்று யாராவது சொன்னால் கேட்கவேண்டாம். நிறுத்தினால் குரல்தான் திரும்பி வரக்கூடும்.

அப்ப அவருக்கு நோகேல்லையோ, இல்லாட்டி நோகுது எண்டு சொல்லத் தெரியேல்லையோ?

என்னிடம் வந்த கேள்விகளில் ஆகச் சிறந்தது இதுதான். கேட்டவர் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்ட ஓர் அக்கா. ஆய்வாளர்கள் இதே கேள்வியில் பல ஆண்டுகள் மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

கால் நரம்பில் சிறிய மின்தூண்டல் கொடுத்தால் தசை தானாகச் சுருங்கும். அது நாங்கள் நினைத்துச் செய்வதில்லை, முள்ளந்தண்டின் மட்டத்திலேயே நடப்பது. 1994இல் பிரான்சில் மனச்சிதைவு உள்ளவர்களிடம் இந்தச் சுருக்கம் எந்த அளவில் தொடங்குகிறது என்று அளந்தபோது மற்றவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் இருக்கவில்லை. நோச் செய்தி உடம்பில் ஒழுங்காகத்தான் புறப்படுகிறது. அதைக் கவனிப்பதிலும், “இது எனக்குக் கெடுதல்” என்று எடைபோடுவதிலும், முகத்திலும் சொல்லிலும் காட்டுவதிலும்தான் மாற்றம் வருகிறது என்ற முடிவுக்கே 2009இல் வந்த ஒரு மீளாய்வும் சாய்ந்தது.

ஒரு வீட்டில் நான் பார்த்தது இது. முப்பது வயதுப் பெடியன் குசினிக்குள் போய்க் கொதித்த கேத்திலின் கைபிடியை வெறுங்கையால் தூக்கினான். பிடியின் பிளாஸ்ரிக் உறை எப்போதோ கழன்றுபோயிருந்தது. அவசரமில்லாமல் தேத்தண்ணி ஊற்றினான், வைத்தான், கையைச் சாரத்தில் துடைத்தான். உள்ளங்கை சிவந்து கொப்புளிக்கத் தொடங்கியது. “நோகுதோ ராசா?” என்று தாய் கேட்க, “இல்லை” என்றான். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. மத்தியானம் சோற்றை இடது கையால் பிசைந்து சாப்பிட்டான். அந்த வீட்டில் இடது கையால் யாரும் சாப்பிட்டதில்லை. வாய் இல்லை என்றது, கை ஓம் என்றது.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்லவேண்டும். மனச்சிதைவு உள்ளவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் தலையிடி, முதுகு நோ, பல் நோ என ஏதோவொரு நோவோடு வாழ்கிறார்கள் என்று 2014இல் வந்த தொகுப்பாய்வு சொல்கிறது. சோதனைக்கூடத்தில் நோ குறைவாகத் தெரிபவர்கள் வீட்டில் நோவில்லாமல் இருப்பதாக எடுக்கமுடியாது.

வீட்டிலை நாங்கள் எதைப் பாக்கவேணும்?

சொல்லும்வரை காத்திராதீர்கள், பாருங்கள். கிழமைக்கொரு தடவை குளிக்கும்போதோ உடுப்பு மாற்றும்போதோ கால், உள்ளங்கால், முதுகு, பல் ஆகியவற்றைப் பார்த்தால் போதும். சலரோகம் இருந்தால் உள்ளங்காலைத் தினமும் பார்க்கவேண்டும். நடை மாறுகிறதா, ஒரு பக்கம் சாய்ந்து படுக்கிறாரா, பிடித்த சாப்பாட்டை ஒதுக்குகிறாரா, வழக்கத்தைவிட எரிச்சலா என்பதைக் கவனியுங்கள்.

குடல்வால் அழற்சி வெடித்த பிறகும், மாரடைப்பு வந்து முடிந்த பிறகும் “நெஞ்சிலை ஒண்டுமில்லை” என்று சொன்ன நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் பல பதிவுகள் இருக்கின்றன. கடும் மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள். அதற்குப் பெரும் காரணம் இதயநோய் போன்ற உடல் வருத்தங்கள். வியர்த்துக்கொட்டுவது, மூச்சிரைப்பு, திடீர் வெளிறல், வயிறு பலகைபோல் இறுகுவது போன்றவற்றைக் கண்டால் “நோகுதோ” என்று கேட்டுக்கொண்டு நிற்காமல் 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள். காசு இல்லை. மனநெருக்கடி பற்றிக் கதைக்க 1926 இருக்கிறது.

குளோசப்பின் குளிசை எடுப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அது குடலை மந்தப்படுத்தும். கடும் மலச்சிக்கல் குடல் அடைப்பாக மாறி உயிருக்கே ஆபத்தாகலாம். நோவையும் சொல்லாத ஆள் என்றால் அது யாருக்கும் தெரியாமல் முற்றிவிடும். கக்கூசுக்குப் போனாரா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

“பக்கத்து வீட்டுக்காரர் என்ரை வயித்துக்குள்ளை கரண்ட் விடுகினம்” எண்டுறார். உது பிரமைதானே, டொக்டரிட்டைச் சொல்லவேணுமோ?

கட்டாயம் சொல்லவேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் என்பது பிரமையாக இருக்கலாம், வயிற்று நோ உண்மையாக இருக்கலாம். உடம்பில் எழும் உணர்வுக்கு மனம் ஒரு காரணம் தேடும். சைக்கோசிஸ் உள்ளவருக்கு அந்தக் காரணம் பெரும்பாலும் வெளியிலிருந்து, யாரோ செய்வதாக வரும். கரண்ட், செய்வினை, வயிற்றுக்குள் பாம்பு என்று சொல்லும் விதம் ஆளுக்கு ஆள் மாறும். அடியில் அல்சரோ சலக்கல்லோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பிரமை என்று ஒதுக்கவேண்டும்.

மனநோய்க் கொப்பியைக் கண்டவுடன் உடம்பைச் சோதிக்காமல் விடுகிற பழக்கம் உலகம் முழுவதும் இருக்கிறது. எனவே கதையை விட்டுவிட்டு உடம்பை மட்டும் சொல்லுங்கள்: “மூண்டு நாளாய் வலப்பக்க வயிறு எண்டுறார், நேற்றிலிருந்து சாப்பிடேல்லை, சத்தி எடுத்தவர்.” கரண்ட் கதையைப் பிறகு சொல்லலாம்.

நல்லூர்த் தேருக்குச் செடில் குத்திக் காவடி எடுக்கிறவைக்கும் நோகிறேல்லை. அதுவும் இதுதானோ?

இல்லை. முதுகுத் தோலில் கொளுக்கி மாட்டிப் பின்னால் ஒருவர் கயிற்றை இழுத்துப் பிடிக்க ஆடுகிறவருக்கு நோ வருகிறது. மொரிசியஸ் தமிழரின் தைப்பூசக் காவடியை ஆராய்ந்த மானிடவியலாளர்கள் அவர்களிடமே கேட்டு அளந்திருக்கிறார்கள். கூடுதலாக நோவைச் சொன்னவர்களே பிறகு கோயிலுக்குக் கூடுதலாகக் காசும் கொடுத்தார்கள் என்பது 2013இல் அவர்கள் கண்ட சுவாரசியமான முடிவு.

நோவைத் தாங்கவைப்பது நேர்த்தியும் நம்பிக்கையும் கவனம் வேறெங்கோ குவிந்திருப்பதும். இரண்டாம் உலகப்போரில் இத்தாலியில் பலத்த காயத்தோடு வந்த படைவீரர்களில் பெரும்பாலானோர் நோமருந்து கேட்கவில்லை என்று ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க மருத்துவர் 1946இல் எழுதினார். தப்பிவிட்டோம் என்ற எண்ணம் காயத்தின் பொருளையே மாற்றியது என்பது அவருடைய விளக்கம். மூளை தானே நோவைத் தணிக்கும் இரசாயனங்களைச் சுரக்கிறது என்பதற்கு 1978இல் நல்ல சான்று கிடைத்தது. நோமருந்தாக இருக்கலாம் என்ற எதிர்பார்ப்போடு போட்ட வெறும் தண்ணீர் ஊசியால் குறைந்த நோ, அபினி வகை மருந்துகளின் வேலையைத் தடுக்கும் நலொக்சோன் கொடுத்ததும் கூடியது.

காவடி எடுப்பவர் விரதம் பிடித்து, ஊர் கூடி நிற்க, தெரிந்த நேரத்தில் தொடங்கித் தெரிந்த நேரத்தில் முடிக்கிறார். அடுத்தநாள் தோட்டத்துக்கோ கடைக்கோ போகிறார். கேத்திலைப் பிடித்த பெடியனுக்கு இந்த ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை.

செல்லிலை கால் போனது. இல்லாத காலிலை நோகுது எண்டால் அது பிரமை தானே?

பிரமை இல்லை. அவயவம் இழந்தவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு அந்த அவயவம் இன்னும் இருப்பதுபோல் தெரியும், பலருக்கு அதில் நோவும் வரும். மூளையில் அந்தக் காலுக்கான இடம் அப்படியே இருக்கிறது. கால் இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும் என்பதுதான் முக்கிய வித்தியாசம். தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் ஒரு கண்ணாடிப் பெட்டியை வைத்து, இருக்கும் கையின் விம்பத்தை இழந்த கையாகக் காட்டிச் சிலருடைய நோவைக் குறைத்தார். நோ இருந்தால் செயற்கைக்கால் பொருத்துமிடத்தில் சொல்லுங்கள், மறைக்கத் தேவையில்லை.

குரல் ஒண்டு, நோ ஒண்டு. ரெண்டையும் ஏன் ஒரே ஆய்விலை போட்டுக் குழப்பிறியள்?

உங்களை நீங்களே கிச்சுக்கிச்சு மூட்டிப் பாருங்கள், சிரிப்பு வராது. உங்கள் கை என்ன செய்யப்போகிறது என்று மூளை முன்கூட்டியே கணித்து அந்த உணர்வை அடக்கிவிடுகிறது. 2000இல் லண்டனில் சாரா ஜெயின் பிளேக்மோர் குழுவினர் குரல் கேட்பவர்களிடம் இதைச் செய்துபார்த்தார்கள். அவர்களுக்குத் தங்கள் கை தொட்டதும் வேறொருவர் தொட்டதும் ஒரே அளவில் தெரிந்தன.

இன்னொரு சோதனை இதைவிட வேடிக்கையானது. ஒரு கருவி உங்கள் விரலை மெல்ல அழுத்தும். அதே அளவு அழுத்தத்தை உங்கள் மற்ற விரலால் திருப்பிக் கொடுக்கவேண்டும். சாதாரண ஆட்கள் வாங்கியதைவிடக் கூடுதலாகவே கொடுப்பார்கள், ஏனென்றால் தாங்கள் கொடுப்பது தங்களுக்குக் குறைவாகத் தெரிகிறது. சின்னப்பிள்ளைகள் “அவன்தான் பலமாய் அடிச்சவன்” என்று இரண்டு பக்கமும் சத்தியம் செய்வது இதனால்தான் என்று நினைக்கிறேன். 2005இல் மனச்சிதைவு உள்ளவர்களிடம் இதைச் செய்தபோது அவர்கள் மற்றவர்களைவிடச் சரியாகக் கொடுத்தார்கள். நோயாளிகள் திறம்படச் செய்யும் சோதனைகள் அபூர்வம், இது அவற்றில் ஒன்று.

இது எனது, இது வெளியிலிருந்து வந்தது என்று பிரிக்கும் அந்தக் கணிப்பு தளர்ந்தால் சொந்த நினைப்பே வேறொருவர் குரலாகக் கேட்கலாம் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. நோவிலும் இதே கணிப்பு வேலைசெய்கிறது. காவடி பற்றிச் சொன்னதில் எதிர்பார்ப்பு நோவை எப்படி மாற்றியது என்று பார்த்தோமே, அதுதான் இது. இரண்டும் சந்திக்கும் இடம் இது என்பதால்தான் ஒரே ஆய்வில் வருகின்றன.

பத்து வருசமாய் முதுகு நோ. இப்ப குரலும் கேக்குது. நோவாலை மூளை குழம்புமோ?

வறிய, நடுத்தர வருமான நாடுகள் 43இன் தரவுகளை 2016இல் ஆராய்ந்தபோது, முதுகு நோ உள்ளவர்களிடம் சைக்கோசிஸ் அனுபவங்களும் கூடுதலாக இருந்தன. அவர்களிடம் மனச்சோர்வு, பதற்றம், நித்திரைக் குறைவு எல்லாமே கூட இருந்தன. எது எதைக் கொண்டுவந்தது என்று இதை வைத்துச் சொல்ல ஏலாது. ஆனால் மாதக்கணக்கில் நித்திரை இல்லாத ஆளுக்குக் குரல் கேட்பதில் எனக்கு ஆச்சரியமில்லை.

சிறுவயதில் அடியும் இழப்பும் துன்புறுத்தலும் அனுபவித்தவர்களுக்குப் பின்னாளில் சைக்கோசிஸ் வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2012இல் வந்த ஒரு தொகுப்பாய்வு காட்டியது. யாழ். மாவட்டத்தில் 2009இல் 1,448 பேரிடம் எடுத்த கணக்கெடுப்பில் 32.6 சதவீதமானோருக்குப் பதற்ற அறிகுறிகளும் 22.2 சதவீதமானோருக்கு மனச்சோர்வு அறிகுறிகளும் இருந்தன. யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், எங்கள் சனம் மனக்காயத்தை உடம்பு நோவாகவே கொண்டுவருவதைத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார். முதுகையும் குரலையும் ஒரே டொக்டரிடம் ஒரே நாளில் சொல்லுங்கள். முதுகுக்கு ஒரு கிளினிக், குரலுக்கு ஒரு கிளினிக் என்று பிரித்துக்கொண்டு திரிவதால் இரண்டு பக்கமும் பாதிக் கதைதான் போய்ச்சேருகிறது.

நோக்குளிசை குடுக்கலாமோ?

பனடோல் அளவோடு பொதுவாகப் பிரச்சினை இல்லை. லித்தியம் எடுப்பவருக்கு டைக்குளோபெனக், ஐபுபுரோபென் போன்றவற்றைப் பாமசியில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். இரத்தத்தில் லித்தியம் கூடி நஞ்சாகலாம். மூட்டு வருத்தத்துக்குக் கொடுக்கும் பிரட்னிசோலோன் போன்ற ஸ்ரீரொயிட் மருந்துகள் சிலருக்குக் குரலையும் பிரமையையும் புதிதாகவே கிளப்பிவிடும். முன்பு மனநோய் இருந்திருந்தால் எழுதிக்கொடுப்பவரிடம் முதலே சொல்லிவைக்கவேண்டும்.

மனநோய் மருந்து தொடங்கிச் சில நாட்களில் கழுத்து ஒரு பக்கம் முறுகுவது, தாடை இறுகுவது, கண் மேலே செருகுவது வந்தால் அது மருந்தின் பக்கவிளைவு, நோவும் கடுமையாக இருக்கும். பேய் பிடித்ததென்று கோயிலுக்குக் கொண்டுபோன வீடுகள் உண்டு. வைத்தியசாலைக்குக் கொண்டுபோனால் ஓர் ஊசியோடு பெரும்பாலும் விரைவில் இறங்கிவிடும்.

பரம்பரையிலை வருமோ, அவற்றை தங்கச்சிக்கும் உப்பிடி நோகாமல் இருக்குமோ?

நோயே இல்லாத நெருங்கிய இரத்த உறவினரிடமும் நோ தாங்கும் அளவு சற்று உயர்ந்திருந்ததை 2001இல் அமெரிக்காவில் ஒரு சிறிய ஆய்வு கண்டது. அதை வைத்துத் தங்கச்சிக்கு வருத்தம் வரும் என்று சோதிடம் சொல்ல ஏலாது.

உதெல்லாம் வெள்ளைக்காரரிலை செய்தது. எங்கடை ஆக்களுக்குப் பொருந்துமோ?

கேட்கவேண்டிய கேள்வி. தன்யா லூர்மன் என்ற அமெரிக்க மானிடவியலாளர் கலிபோர்னியாவில் 20 பேர், கானாவின் அக்ராவில் 20 பேர், சென்னையில் 20 பேர் என்று குரல் கேட்கும் நோயாளிகளிடம் கதைத்து 2015இல் முடிவை வெளியிட்டார். அமெரிக்கர்களுக்குக் கேட்டது பெரும்பாலும் முன்பின் தெரியாதவர்களின் வன்முறையான குரல். சென்னையில் பலருக்குக் கேட்டது தாய், மாமியார், சகோதரி போன்ற சொந்தக்காரரின் குரல். குளி, சமை, கடைக்குப் போ என்று ஏவுவதும் ஏசுவதுமாக அது இருந்தது. நோய் ஒன்று, குரலின் குணம் ஊருக்கு ஊர் வேறு.

நோவைச் சொல்லும் விதமும் அப்படித்தான். ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு நோ என்று கேட்கும் கணக்கு எங்கள் கிளினிக்குகளுக்குச் சரிவராது என்பது என் அபிப்பிராயம். “பரவாயில்லை” என்று ஒரு பதில் வரும், அதோடு முடிந்தது. நான் வேறு மாதிரிக் கேட்பேன்: போன கிழமை கிணத்திலை தண்ணி அள்ளினவர், இந்தக் கிழமை அள்ளினவரோ? எந்தப் பக்கம் சரிஞ்சு படுக்கிறவர்? சயிக்கிளிலை ஏறுறதுக்கு ஆரையும் பிடிக்கிறவரோ? வருத்தக்காரர் பதில் சொல்லாவிட்டாலும் பக்கத்தில் இருக்கும் தாயோ தங்கச்சியோ சொல்லிவிடுவார்கள். அந்தப் பதில்களைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள், டொக்டருக்கு உதவும்.